பச்சை, நீலம், வெளிர்நீலம்: ஹுவாவே இ1550 நெட் செட்டர்

போன வாரம் தங்கச்சி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வெள்ளையாக ஒரு யூஎஸ்பி குச்சி. கீழே "200 ரூபாய், நல்ல கண்டிஷன்" என்று விற்கிறவர் எழுதியிருந்தார். "பெரியம்மா, இத வாங்கலாமா? கரண்ட் போனா, ஃபைபர் அறுந்தா ஒரு ஸ்பேர் நெட்டா இருக்கும்ல" என்று கேட்டிருந்தான். இப்போது கடையைப் பாதி நேரம் அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹுவாவே இ1550, சிம் போட்டு லேப்டாப்புக்கு நெட் கொடுக்கும் குச்சி. அதே சாமான் என் மேசை டிராயரில் மூடி தொலைந்துபோய்க் கிடக்கிறது. 2011இலிருந்து ஆறு வருசம் என் கடைக்குச் சோறு போட்டது அதுதான். "வேண்டாம்டா" என்று ஒரு சொல்லில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் அதோடு விட மனசு வரவில்லை. அந்தக் குச்சியைப் பற்றி யாரும் தமிழில் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் இத்தனை வருசம் கழித்து எழுதுகிறேன்.

என் கடை கடையத்தை அடுத்த ஒரு கிராமத்தில். ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம். பின்பக்கம் பார்த்தால் பொதிகை மலை. எங்கள் தெருவுக்கு அப்போது பிராட்பேண்ட் கம்பி வரவில்லை. ஸ்காலர்ஷிப், ரயில் டிக்கெட், வேலைவாய்ப்பு பதிவு என்று எல்லாமே நெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். நெட் இல்லாத ஜெராக்ஸ் கடைக்கு வெறும் ஜெராக்ஸ் காசுதான் வரும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு செல்போன் கடையில் இதை வாங்கினேன். எங்கள் ஊரில் டாங்கிள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்தக் கம்பெனி குச்சியாக இருந்தாலும் பெயர் நெட் செட்டர்தான்.

பார்க்க ஒன்றுமில்லை, விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. ஓரத்தில் சிறு தட்டை இழுத்து சிம்மை வைத்துத் தள்ள வேண்டும். மெமரி கார்டுக்கும் ஒரு சந்து உண்டு. லேப்டாப்பில் சொருகினால் சிடி எதுவும் கேட்காது. மொபைல் பார்ட்னர் என்ற சாப்ட்வேர் குச்சிக்குள்ளேயே இருக்கும், தானாக ஏறிக்கொள்ளும். டவுன்லோடுக்கு 3.6 எம்பிபிஎஸ் வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. இதெல்லாம் அந்தக் காலத்துக் குச்சிகள் எல்லாவற்றிலும் உள்ளதுதான்.

நான் சொல்ல வந்தது அதன் தலையில் இருந்த விளக்கைப் பற்றி. மூன்று நொடிக்கு இரண்டு தரம் பச்சை மினுக்கினால் குச்சிக்கு உயிர் இருக்கிறது, ஆனால் இன்னும் டவரைப் பிடிக்கவில்லை. ஒரு தரம் பச்சை மினுக்கினால் 2ஜி. ஒரு தரம் நீலம் மினுக்கினால் 3ஜி. நெட்டை கனெக்ட் செய்ததும் மினுக்கல் நின்று அதே நிறம் நிலையாக எரியும். அதிலும் 3ஜியின் வேகமான ரகம், எச்எஸ்டிபிஏ என்பார்களே, அது கிடைத்தால் நீலம் வெளிறி பச்சை கலந்த வெளிர்நீலம் ஆகிவிடும். என்ன நெட்டில் இருக்கிறோம் என்பதை ஸ்கிரீனைப் பார்க்காமலே அறை வாசலில் நின்று சொல்லிவிடலாம்.

வாங்கிய அன்று ஜங்ஷன் கடையில் நீலம் எரிந்தது. கடைக்காரத் தம்பி யூடியூப் ஒன்றைப் போட்டுக் காட்டினார், சுற்றாமல் ஓடியது. "உங்க ஊருக்கு 3ஜி வந்திருச்சா" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "வந்ததும் தானா மாறிக்கும்க்கா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் லேப்டாப்பை மடியில் வைத்து, குச்சியைச் சொருகி, வழியெல்லாம் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். பேட்டை தாண்டும் வரை நீலம். சேரன்மகாதேவி வருவதற்குள் பச்சை. அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் ஐந்து நிமிசம் மறுபடி நீலம். ஆழ்வார்குறிச்சியில் பச்சை. வீட்டில் பச்சை. பேப்பரில் நாடு 3ஜிக்கு மாறிவிட்டது என்று போட்டிருந்தார்கள். என் மடியில் இருந்த குச்சியோ எந்த ஊர் மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று பஸ் ஸ்டாப் வாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

ஒரு வருசத்துக்கு மேல் பச்சையில்தான் ஓட்டினேன். அந்தப் பச்சையைக் குறை சொல்ல மாட்டேன். எட்ஜ் என்ற 2ஜியின் வேகமான ரகம் என்பதால் நொடிக்குப் பதினைந்து, இருபது கேபி வரும். எழுத்து மட்டும் உள்ள பக்கம் என்றால் திறந்துவிடும். போட்டோ அப்லோடு செய்ய வேண்டுமென்றால் முதலில் சைஸைக் குறைத்துக்கொள்வேன். வந்தவர்களை பெஞ்சில் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பேன். டீ குடித்து முடிப்பதற்குள் ஏறிவிடும். அறுந்தது கிடையாது.

நீலம் எங்கள் வீட்டுக்கு ஒரே நாளில் வரவில்லை. 2012 ஆடி மாசம், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன தங்கச்சி, "அக்கா, லேப்டாப்பைக் கொண்டுட்டு வா, என் போன்ல 3ஜின்னு காட்டுது" என்று மேலேயிருந்து கத்தினாள். ஓடினேன். மாடியில் கிழக்கு மூலையில் நின்றால் மட்டும் நீலம் மினுக்கியது. இரண்டடி நகர்ந்தால் பச்சை. மாசங்கள் கழித்துப் பின்கட்டு ஜன்னலுக்கு வந்தது. முன்பக்கம் என் மேசைக்கு வர அடுத்த வருசம் ஆயிற்று. அதுவரை பத்தடி யூஎஸ்பி கேபிள் வாங்கி, குச்சியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் எவர்சில்வர் வடிதட்டைச் சாய்த்து வைத்திருந்தேன். வடிதட்டை வைத்தால் சிக்னல் ஒரு கோடு கூடும். வைக்காவிட்டால் குறையும். பலமுறை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இப்படி அறை அறையாக வருவதன் காரணத்தை எனக்கு விளக்கியவர் டவர் வேலைக்கு வரும் ஒரு தம்பி. டீசல் பில்லை ஜெராக்ஸ் எடுக்க வருவார். எங்கள் ஊர் டவரில் அப்போது 2ஜி மட்டும்தான். நீலம் வந்தது பக்கத்து ஊர் டவரிலிருந்து. 2ஜி ஓடுவது 900 மெகாஹெர்ட்ஸில். அதன் அலை ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம். தூரமும் போகும், சுவரையும் தாண்டும். 3ஜிக்குக் கொடுத்தது 2100. அந்த அலை நீளம் 14 சென்டிமீட்டர்தான். தூரத்தில் களைத்துவிடும், எங்கள் வீட்டு ஒன்றரை அடி கல்சுவரைத் தாண்டாது. "அதான்க்கா ஜன்னல்ல நிக்குது, உள்ள வர மாட்டேங்குது" என்றார்.

வந்த நீலமும் நாள் முழுக்க நிற்காது. காலையில் வெளிர்நீலம், மத்தியானம் நீலம், ராத்திரி ஏழு மணிக்கு மேல் பச்சை. முதலில் குச்சி பழுதாகிவிட்டதோ என்று பயந்தேன். இதற்கும் அந்தத் தம்பிதான் பதில் சொன்னார். 2ஜியில் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி நேரத்துண்டு ஒதுக்கிவிடுவார்கள். பஸ்ஸில் சீட் நம்பர் போட்டு உட்கார வைப்பது போல. 3ஜியில் எல்லாரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஆளுக்கொரு குறியீடு வைத்து டவர் பிரித்தெடுக்கிறது. ஒருவர் பேச்சு மற்றவருக்கு இரைச்சல். ஆள் கூடக் கூட எல்லாரும் குரலை உயர்த்த வேண்டிவரும். ஓரத்தில் தூரமாக நிற்பவர் குரல் அமுங்கிப்போகும். அதாவது கூட்டம் சேர்ந்தால் டவரின் எல்லையே சுருங்கும், கூட்டம் கலைந்தால் விரியும். அந்த ஓரத்தில் இருந்தது என் கடை.

ஒவ்வொரு கம்பெனியிடமும் இருந்த இடமும் கொஞ்சம்தான். சென்னையில் பிஎஸ்என்எல் 2009 பிப்ரவரியிலேயே 3ஜியைத் தொடங்கிவிட்டது. தனியார் கம்பெனிகளுக்கான ஏலம் 2010 ஏப்ரல் 9இல் தொடங்கி 34 நாள், 183 சுற்று நடந்தது. அரசாங்கத்துக்கு 67,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. தமிழ்நாட்டு வட்டத்தில் ஏர்டெல், வோடபோன், ஏர்செல் மூன்றும் தலைக்கு 1,464 கோடிக்கு மேல் கொடுத்து எடுத்தது தலைக்கு 5 மெகாஹெர்ட்ஸ், போக ஒன்று வர ஒன்று. 3ஜிக்கு ஒரு தடம் போடவே அந்த 5 மெகாஹெர்ட்ஸ் சரியாய்ப் போயிற்று. அவ்வளவு காசு கொடுத்தும் ஒரு கம்பெனிக்கு ஒரே ஒரு தடம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே அதில் ஏறினால் ஓரத்தில் நிற்பவருக்கு இடம் எங்கே?

நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இழுபடும் நேரம்தான் உண்மையில் கஷ்டம். குச்சியை ஆட்டோமேட்டிக்கில் விட்டால் நீலத்தைப் பிடிக்கும், விடும், பச்சைக்கு வரும், மறுபடி நீலத்துக்கு ஓடும். ஒவ்வொரு தாவலிலும் நெட் சில நொடி நிற்கும். அந்தச் சில நொடியில் பாங்க் பக்கம் செத்துவிடும். தத்கால் டிக்கெட் ஒன்றில் எனக்கு இது நடந்தது. பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. பணம் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது, ஆனால் அந்தப் பெரியவர் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். இன்றைக்கும் அவரைத் தெருவில் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அதற்குப் பிறகு நான் கண்டுகொண்ட வழி: மொபைல் பார்ட்னரில் நெட்வொர்க் டைப் என்று ஒரு இடம் இருக்கிறது. 3ஜி மட்டும், 2ஜி மட்டும், 3ஜிக்கு முன்னுரிமை, 2ஜிக்கு முன்னுரிமை என்று நாமே வைத்துக்கொள்ளலாம். பணம் கட்டும் வேலை என்றால் 2ஜி மட்டும். பச்சையில் பூட்டிவிடுவேன். மெதுவாகப் போகும், ஆனால் கடைசிப் பக்கம் வரை போகும். பெரிய பைல் இறக்க, வீடியோவில் பேச, 3ஜி மட்டும். இந்த இரண்டு பூட்டையும் கற்றுக்கொண்ட பிறகு டிக்கெட் ஒன்றுகூட அறுந்ததில்லை. இந்தக் குச்சிக்கு நான் முழு மார்க் போடுவது இதற்காகத்தான். எந்த நெட்டில் நிற்கிறோம் என்று சொல்லும், எதில் நிற்க வேண்டும் என்று நம்மையே தீர்மானிக்கவும் விடும். இன்றைய போனில் அந்த அமைப்பைத் தேடினால் நாலு மெனு உள்ளே போக வேண்டியிருக்கிறது.

விளக்கைப் பார்க்காமலே தெரிந்துகொள்ள இன்னொரு வழியும் இருந்தது. மேசையில் லேப்டாப் பக்கத்தில் பழைய ஸ்பீக்கர் ஒன்று. குச்சி பச்சையில் இருந்து எதையாவது அனுப்பும்போது ஸ்பீக்கரில் "டட்டட்ட, டட்டட்ட, டர்ர்ர்" என்று கேட்கும். அந்தக் கால டிவி, ரேடியோ பக்கத்தில் செல்போன் வைத்திருந்த எல்லாருக்கும் இந்தச் சத்தம் தெரியும். 2ஜி நொடிக்கு 217 தரம் விட்டு விட்டு அனுப்புவதால் வரும் சத்தம் அது. 3ஜி விடாமல் அனுப்பும், அதனால் சத்தமே இராது. ஜெராக்ஸ் மிஷினில் நின்றுகொண்டிருப்பேன், ஸ்பீக்கர் டட்டட்ட என்றால் நீலம் போய்விட்டது என்று திரும்பாமலே தெரியும்.

2013 ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று இதுதான் கைகொடுத்தது. காலை பத்து மணிக்கு ரிசல்ட். ஒன்பதரைக்கே வாசலில் நாற்பது பிள்ளைகள், கையில் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு. பத்தடித்ததும் நீலம் எரிகிறது, பக்கம் திறக்கவில்லை. சுற்றுகிறது, சுற்றுகிறது. அக்கம்பக்கத்து ஊர்களில் 3ஜி போன் வைத்திருந்த எல்லாரும் அதே நேரம் அதே தடத்தில் ஏறியிருப்பார்கள். ஸ்பீக்கர் இரண்டு தரம் டட்டட்ட என்றது, அடங்கியது, மறுபடி டட்டட்ட. குச்சி தாவிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. உடனே 2ஜி மட்டும் என்று பூட்டினேன். பிள்ளைகள் "ஐயோ, 2ஜியாக்கா" என்றார்கள். பச்சை நிலையாக எரிந்தது. ரிசல்ட் பக்கம் சில கேபிதான், வெறும் எழுத்து. நம்பர், பிறந்த தேதி, என்டர். இருபது நொடிக்கு ஒரு ரிசல்ட். பதினொன்றரைக்குள் நாற்பது பேருக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கடைசியாக நின்ற பெண் கணக்கில் 200க்கு 197. அந்தத் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்காமல் மிதிக்கப் பார்த்தாள்.

வெளிர்நீலம் வேண்டியிருந்தது ஒரே ஒரு வேலைக்கு. எங்கள் தெருவில் ஒரு பெண், வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. குழந்தை பிறந்து ஒன்றரை வருசம், அப்பன் முகத்தை நேரில் பார்த்ததில்லை. முதல் தரம் ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு ஸ்கைப்பில் போட்டோம். பச்சைக்கு விழுந்துவிட்டது. அவர் முகம் சிரித்தபடி அப்படியே நின்றுவிட்டது, குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. குழந்தை அசையாத முகத்தின் மூக்கை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அடுத்த வாரம் அவர்களைக் காலை ஆறரைக்கு வரச் சொன்னேன். அங்கே ஒன்பது மணி, அவருக்கு லீவு. இங்கே டவரில் ஆள் இல்லை. ஜன்னல் கம்பியில் வெளிர்நீலம் அப்படியே நின்றது. முகம் அசைந்தது. அவர் கையை ஆட்டியதும் குழந்தை பயந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் பிறகு இரண்டு வருசம் ஞாயிறு காலை ஆறரை அவர்களுக்கென்றே ஒதுக்கியிருந்தேன், காசு வாங்கியதில்லை.

குறை என்று சொன்னால் குச்சியை விட சிம் கம்பெனியிடம்தான். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. 3ஜி பேக் தீர்ந்தால் நெட்டை நிறுத்த மாட்டார்கள். மெயின் பேலன்ஸிலிருந்து கேபி கணக்கில் உருவிக்கொள்வார்கள். ஒரு நாள் விண்டோஸ் அப்டேட் தானாக ஓடி 340 ரூபாய் போய்விட்டது. பிறகு மொபைல் பார்ட்னரில் எவ்வளவு டேட்டா போயிற்று என்ற கணக்கைத் தினமும் ராத்திரி நோட்டில் எழுதி வைப்பேன். இன்னொன்று, 2012, 13இல் இருந்த மின்வெட்டு. கரண்ட் போய் இரண்டு மணி நேரத்தில் நீலம் மறைந்து பச்சை வரும். அதன் பிறகும் பச்சை நிற்கும். பாட்டரியில் ஓடும்போது 2ஜியை மட்டும் உயிரோடு வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

2017இல் எங்கள் ஊருக்கு 4ஜி ஒழுங்காக வந்தது. குச்சி டிராயருக்குப் போயிற்று. அதே வருசம் ஏப்ரலில் சிங்கப்பூரில் 2ஜியை மொத்தமாக நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் பத்து வருசம் வைத்திருந்த பட்டன் போனை மாற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டில் நடந்தது வேறு. ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை அணைத்துவிட்டு, 2ஜியை விட்டு வைத்தது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போடும் செல்போன் ஸ்டார்ட்டர் எங்கள் பக்கம் நிறைய. அதெல்லாம் 2ஜியில்தான் ஓடுகிறது. பின்னால் வந்த 3ஜி முன்னால் போய்விட்டது.

ஆகவே அந்த 200 ரூபாய் குச்சியை வாங்க வேண்டாம். இன்றைக்கு ஒரு பக்கம் சாதாரணமாக 3 எம்பி இருக்கும், பச்சையில் அது திறக்க மூன்று நிமிசம் ஆகும். ஸ்பேர் நெட் வேண்டுமென்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம். எங்கேயாவது மெசேஜ் மட்டும் வாங்குகிற வேலைக்கு வேண்டுமானால் ஆகும்.

இவ்வளவு சொல்லியும் பையனுக்கு நம்பிக்கை வரவில்லை, போட்டுப் பார்ப்போம் என்றான். பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பை எடுத்து வைத்தேன். அவனுடைய ஜியோ சிம் நானோ. குச்சியின் தட்டு பெரிய சிம்முக்கானது. அடாப்டர் ஒன்றைத் தேடி எடுத்துப் பொருத்தினோம். இரண்டு தரம் பச்சை மினுக்கியது, பிறகும் இரண்டு தரமே. ஜியோவிடம் 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது, 2016இல் தொடங்கும்போதே 4ஜியில்தான் தொடங்கினார்கள். பிறகு என்னுடைய பழைய சிம்மைப் போட்டேன். 3ஜி மட்டும் என்று வைத்துப் பார்த்தேன், பிடிக்கவில்லை. 2ஜி மட்டும் என்று மாற்றினேன். பத்து நொடி. ஒரு தரம் பச்சை.

ஸ்பீக்கரில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. நடுவில் டட்டட்ட, டட்டட்ட, டர்ர்ர் என்றது. பையன் எழுந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கப் போனான். "பெரியம்மா, ஸ்பீக்கர் போயிருச்சு போல."

"இல்லடா, கையை எடு. மெசேஜ் வருது."

அவன் வயரைப் பிடித்தபடியே ஸ்கிரீனைப் பார்த்தான். மொபைல் பார்ட்னரில் உறை போன்ற சின்னப் படம் ஒன்று வந்து நின்றது.